கடைசி வண்டிக்காரர்

ஐந்து மாடி வணிக வளாகம் ஒன்றில் அவருக்கு வேலை. காலையில் திறப்பதற்கு வேறு ஆள் இருந்தார். விளக்குக்கு ஒருவர், மின்தூக்கிக்கு ஒருவர், தண்ணீர்க் குழாய்க்கு ஒருவர் என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தார்கள். இவருடைய வேலை எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு தொடங்கும். மேல் மாடியிலிருந்து ஒவ்வொரு தளமாக இறங்கி வருவார். கழிவறைக் கதவுகளைத் தட்டுவார். உடை மாற்றும் அறைகளை எட்டிப் பார்ப்பார். பொம்மைக் கடையில் விற்பனைக்கு நிறுத்தியிருக்கும் குழந்தைக் கூடாரத்துக்குள்ளும் தலையை நீட்டி, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார். ஒருவரும் இல்லை என்பது நிச்சயமான பிறகுதான் ஷட்டரைக் கீழே இழுப்பார்.

இத்தனை வருட வேலையில் ஒரே ஒரு முறைதான் ஆளை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார். அது வேலைக்குச் சேர்ந்த புதிது. உடை மாற்றும் அறையின் கதவை முறைப்படி இரண்டு முறை தட்டினார். பதில் வரவில்லை. உள்ளே ஒரு பெண், அளவு சின்னதான ஒரு சட்டையைத் தலைவழியாகப் போட்டுப் பார்க்கப் போய், அது பாதியில் சிக்கி, வாயும் காதும் துணிக்குள் இருக்க, இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி போராடிக்கொண்டிருந்தார். சட்டையிலிருந்து மீண்டு வெளியே வந்தபோது கடையே இருட்டாகக் கிடந்தது. அண்ணனுக்குப் போன் செய்தார். அண்ணன் வந்து ஷட்டருக்கு வெளியே நின்று போட்ட சத்தத்தில் எதிர்ச்சாரியில் இருந்த வீடுகளில் எல்லாம் விளக்கு எரிந்தது.

பூட்டியவர் ஓடி வந்து திறந்தார், மன்னிப்புக் கேட்டார். மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் இன்னொரு முறை கேட்டார். அந்த வாரத்திலேயே மூன்றாவது முறையும் கேட்கப் போனபோது, "மன்னிப்புக் கேக்கிறதுக்கு இவ்வளவு நல்ல சட்டையா?" என்று பெண்ணின் அம்மா வாசலிலேயே மடக்கினார். கல்யாணம் முடிவானது.

"தங்கச்சிய உள்ள வச்சுப் பூட்டின மாப்ள" என்றுதான் அண்ணன் இன்றுவரை அவரை ஊருக்கு அறிமுகப்படுத்துகிறார். "அன்னிக்கு மாட்டிக்கிட்டது நான் இல்ல, அவரு" என்று மனைவி திருத்துவார். மாமியாரோ குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும், "மாப்பிள்ள, எல்லாரும் வந்தாச்சான்னு ஒரு தடவ பாத்துடுங்க" என்பார். சொல்லிவிட்டு அவரே எண்ணவும் எண்ணுவார்.

மோட்டார் சைக்கிள் விஷயம் அந்த அண்ணனால், அதாவது மச்சானால் வந்தது. மச்சானுக்கு சோபாக்கடை. கடைக்குள் நின்று அவர் விலை சொன்னால் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பார்கள், குரல் அப்படி. நடு வயது தாண்டி ஒரு பெரிய வண்டி வாங்கினார். வாங்கியதும் ஒரு குழு சேர்த்தார். பல் டாக்டர், ஆடிட்டர், ரொட்டிக்கடைக்காரர், இரண்டு பள்ளிக்கூட டீச்சர்கள் என்று கூட்டம் இருபத்தேழு வண்டிகளாக வளர்ந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயணம். சிவப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு மச்சான் முன்னால் போவார்.

"நீங்களும் வாங்க மாப்ள" என்றார் மச்சான். "எல்லாருக்கும் பின்னாடி சும்மா வந்தாப் போதும்."

மச்சான் அதைக் கேலியாகத்தான் சொன்னார். இவரோ அந்த வேலைக்கென்றே பிறந்தவர். முதல் பயணத்திலேயே அவருக்கு அந்த இடம் பிடித்துப்போனது. முன்னால் போகிறவனுக்கு ரோடு மட்டும்தான் தெரியும். கடைசியில் போகிறவருக்கு எல்லோருடைய முதுகும் தெரியும். யார் தூக்கக் கலக்கத்தில் சாய்கிறார், யார் கோபத்தில் முறுக்குகிறார், யாருடைய டயரில் காற்று குறைவு என்று எல்லாமே பின்னாலிருந்து தெரிந்தது. இரண்டே மாதத்தில் அவருக்கு 'வால்' என்று பெயர் விழுந்தது. அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். மார்பிலும் முதுகிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை வைத்த ஆரஞ்சுச் சட்டை ஒன்றை வாங்கி, ஜாக்கெட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டார்.

கூட்டமாகப் போவதற்குச் சில விதிகளைக் குழு வைத்திருந்தது. பக்கத்தில் பக்கத்தில் ஜோடி போட்டு ஓட்டக்கூடாது. இடம் வலம் என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். குழுவுக்குள் ஒருவரை ஒருவர் முந்தக் கூடாது. கண்ணாடியில் பின்னால் வருகிறவர் தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலே கைகாட்டி விதி. பாதை திரும்பும் இடம் வந்தால் முன்னால் போகிறவர் தரையை நோக்கி விரலைக் காட்டுவார். அவருக்கு அடுத்து வருகிறவர் அந்த முக்கிலேயே இறங்கி நின்று, வருகிற வண்டிகளுக்கெல்லாம் திரும்பும் பக்கம் கையை நீட்டிக் காட்ட வேண்டும். அவர்தான் கைகாட்டி. கடைசியாக ஆரஞ்சுச் சட்டை வரும். "கடைசி வண்டியா? பின்னாடி யாரும் இல்லையே?" என்று கைகாட்டி கேட்பார். "கடைசி. யாரும் இல்ல" என்று வால் சொல்வார். அதற்குப் பிறகுதான் கைகாட்டி இடத்தை விட்டு நகரலாம். இடி விழுந்தாலும் அதற்கு முன்னால் நகரக் கூடாது.

இந்த ஏற்பாட்டினால்தான் ஆடிட்டர் இன்று உயிரோடு வரிக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு வளைவில் ஜல்லியில் சறுக்கி, வண்டியோடு பள்ளத்துக்குள் போய்விட்டார். முன்னால் போனவர்களுக்குத் தெரியாது. பின்னால் வந்தவர்கள் வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். வால்தான் ரோட்டில் புதிதாகச் சிதறியிருந்த ஜல்லியைப் பார்த்து நின்றார். பள்ளத்தை எட்டிப் பார்த்து, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். "இருக்கேன்" என்று காலர் எலும்பு உடைந்த ஆடிட்டர் பதில் சொன்னார்.

இப்படி இருக்கையில்தான் மச்சானுக்குப் புத்தி வேலை செய்தது. "இனிமே வாலும் வேணாம், கைகாட்டியும் வேணாம். ஆளாளுக்குப் போன்ல வரைபடம் இருக்கு. ஒவ்வொரு முக்குலயும் ஒருத்தன நட்டு வச்சு, அவன மறுபடி புடுங்கிட்டு வர்றதுக்குள்ள சாப்பாடு ஆறிப்போகுது. எல்லாரும் அவங்கவங்க பாதையப் பாத்து வரட்டும்" என்றார். ஏரிக்கரை உணவகத்துக்குப் போகும் அடுத்த பயணம் பழைய முறைப்படியே நடக்கும். அங்கே சாப்பாட்டுக்கு முன் கை தூக்கி முடிவு செய்வது என்று ஏற்பாடானது.

"மாப்ள, கவலப்படாதீங்க. உங்களுக்கு நடுவுல நல்ல இடமாத் தர்றேன்" என்று மச்சான் தேற்றினார்.

இவருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆரஞ்சுச் சட்டையைத் துவைத்து, காயப்போட்டு, காய்ந்ததை மறுபடியும் துவைத்தார்.

"நடுவுல போனா என்ன குறஞ்சு போச்சு?" என்றார் மனைவி.

"நடுவுல போனா பின்னாடி வர்றவங்கள யாரு பாத்துக்குவா?"

"அத ஏன் எங்கிட்டச் சொல்றீங்க? அங்க வாயத் தொறந்து பேசணும். உங்களால முடியாது. நான் பின்னாடி உக்காந்து வர்றேன். பின்னாடி உக்கார்றவங்களுக்கும் ஓட்டு உண்டுல்ல?"

பயணத்தன்று மச்சான் ஒரு காரியம் செய்தார். போனில் பாதை இருந்தால் யார் வேண்டுமானாலும் முன்னால் போகலாம் என்று நிரூபிக்க, முதல் இடத்தைப் பல் டாக்டருக்குக் கொடுத்துவிட்டு, தான் இரண்டாவதாக வந்தார். போனைக் கைப்பிடியில் மாட்டி, எல்லோருக்கும் தெரியும்படி திருப்பியும் வைத்துக்கொண்டார்.

பாதி வழியில் மழை பிடித்தது. ஒரு மேம்பாலத்தின் அடியில் எல்லோரும் நின்று மழைக்கோட்டு மாட்டினார்கள். மச்சானின் சிவப்பு ஜாக்கெட் ஒரு கறுப்புக் கோட்டுக்குள் போனது. இவரும் தம்முடைய சாம்பல் நிறக் கோட்டை மாட்டி, கழுத்து வரை பொத்தான் போட்டார்.

"ஆரஞ்சு உள்ள போயிடுச்சே. யாருக்குத் தெரியும்?" என்றார் மனைவி.

"துவச்சு வச்சிருக்கேன், நனஞ்சிடும். என்னைத் தெரியாதவன் இங்க யாரு?"

வாழ்க்கையில் அவர் பெருமையாகப் பேசியது மொத்தமே இரண்டு மூன்று முறைதான் இருக்கும். அதில் ஒன்றை அங்கே பேசினார்.

பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு டயர் கடை முக்கு. பாதை அங்கே இடது பக்கம் திரும்புகிறது. பல் டாக்டர் விதிப்படி தரையை நோக்கி விரலைக் காட்டிவிட்டுத் திரும்பினார். அடுத்து வந்தவர் மச்சான். குழு தொடங்கிய நாளிலிருந்து முன்னாலேயே போய்ப் பழகிய அவருக்கு, கைகாட்டி வேலை அன்றுதான் முதல் முறை. இறங்கினார். மழை வலுத்தது. விதி என்னவோ ரோட்டோரம் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் நிற்கச் சொல்கிறது. மச்சான் டயர் கடையின் தகரக் கூரைக்கடியில் ஒதுங்கி, அங்கிருந்தபடியே கையை நீட்டினார். ஏற்கெனவே மழைக்கு ஒதுங்கிய நாலு பேர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

கடைசியாக வந்த இவர் கண்ணில், யாரோ ஒருவர் கையை நீட்டிக் கடைக்காரரிடம் சண்டை போடுவதுபோல் தெரிந்தது. முன்னால் போன ரொட்டிக்கடைக்காரரின் சிவப்பு விளக்கு இடது பக்கம் திரும்புவதும் தெரிந்தது. கைகாட்டி எங்கே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. முந்திப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். மனைவியோ மழைக்குப் பயந்து அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். கூரைக்கடியில் இருந்த மச்சான், சாம்பல் கோட்டு ஒன்று போவதைப் பார்த்தார். ஆரஞ்சு வரவில்லை. கையை மடக்காமல் தொடர்ந்து நின்றார். குழுவின் வண்டி எதுவும் அதற்குப் பிறகு அந்த முக்குக்கு வரவில்லை.

ஏரிக்கரை உணவகத்தில் நீள மேசை போட்டிருந்தார்கள். சூடாக சூப் வந்தது. எல்லோரும் ஈரக் காலுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள்.

"இன்னிக்கு மாதிரி ஒரு பயணம் வந்ததே இல்ல. மனசுக்கு என்னமோ ரொம்ப இதமா இருக்கு" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"ஏரிக்காத்து" என்றார் ஆடிட்டர்.

பல் டாக்டர் எழுந்து தலைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினார். அப்போதும் குறைந்தது. தன்னை எண்ணாமல் விட்டிருப்பார் என்று ஒரு டீச்சர் சொன்னார். தன்னையும் சேர்த்து எண்ணினார். அப்போதும் குறைந்தது. "யாரு இல்லையோ அவங்க கை தூக்குங்க" என்று யாரோ சொல்ல, மேசையே சிரித்தது.

இவர் சிரிக்கவில்லை. சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"என்னங்க," என்றார் மனைவி மெதுவாக, "இங்க ரொம்ப அமைதியா இருக்குல்ல?"

"ஆமா."

"நாம பேசறது நமக்கே கேக்குதுல்ல?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஐயோ, எங்க அண்ணன்!"

பல் டாக்டர் தலையில் கை வைத்தார். "டயர் கடை முக்குல நான்தான நிறுத்தினேன் அவர!" ஆளுக்கு ஆள் போன் செய்தார்கள். மச்சானின் போனுக்கு மணியே போகவில்லை.

கறுப்புக் கோட்டு, நீட்டிய கை, தகரக் கூரை என்று எல்லாம் இப்போது ஒன்றாகச் சேர்ந்து இவர் கண்முன் வந்தது. எந்த இடத்துக்காக இத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தாரோ, அந்த இடத்தில் இருந்துகொண்டே ஆளை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அதுவும் யாரை! ஓட்டெடுப்புக்கு இனி என்ன வேலை? "நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்று எழுந்தார். துணைக்கு வருவதாகச் சொன்னவர்களை எல்லாம் உட்கார வைத்தார். மனைவி மட்டும் கேட்காமல் வந்து பின்னால் ஏறிக்கொண்டார்.

பாதி தூரம் போனதும் மனைவி வாயைத் திறந்தார்.

"முதல்ல என்னை."

இவர் வேகத்தைக் கூட்டினார்.

"இப்ப எங்க அண்ணன."

"மழைல தெரியலம்மா."

"அன்னிக்கு இருட்டு, இன்னிக்கு மழை. எங்க வீட்டு மேல உங்களுக்கு அப்படி என்னங்க கோவம்?"

தலைக்கவசத்துக்குள் மனைவி சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவருக்குப் பிடிபடவில்லை. தம் முதுகோடு ஒட்டி அவர் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

டயர் கடை முக்கு வந்தது. மச்சான் கூரைக்கடியில் இல்லை. ரோட்டின் ஓரத்தில், கொட்டுகிற மழையில், கையை இடது பக்கம் நீட்டியபடி விளக்குக் கம்பம் மாதிரி நின்றுகொண்டிருந்தார். எதிரே வந்த லாரி ஒன்று வேகம் குறைத்தது. டிரைவர் அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

டயர் கடைக்காரர் ஓடி வந்தார். "உங்க ஆளாங்க? வந்ததுலருந்து ஒரே பக்கத்தையே காட்டிட்டு நிக்கிறாரு. நேரா போக வேண்டியவங்களும் பயந்துபோய் இடது பக்கம் திரும்புறாங்க. நடுவுல ரெண்டு வேனு முட்டிக்க இருந்துச்சு, சத்தம் போட்டு அவர்தான் பிரிச்சு விட்டாரு. ஆனா கூப்பிட்டா மட்டும் உள்ள வரமாட்டேங்கறாரு."

இவர் வண்டியை நிறுத்திவிட்டு எதிரில் போய் நின்றார். "மச்சான்."

மச்சான் கையை மடக்கவில்லை. "யாருய்யா நீ?"

"நான்தான் மச்சான், வாலு."

"வாலு ஆரஞ்சுச் சட்ட போட்டிருப்பான். சாம்பல் கோட்டு போட்டவன் அப்பவே போயிட்டான், பாத்தேன். ஆரஞ்சு வர்ற வரைக்கும் நான் நகர மாட்டேன். விதி."

"அண்ணா, போதும்ணா. ஏறு" என்றார் தங்கை.

"நீ சும்மா இரு. பின்னாடி உக்கார்றவங்களுக்கு முக்குல பேச்சு இல்ல."

இவர் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோட்டை மடித்து வண்டியில் வைத்தார். துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன ஆரஞ்சுச் சட்டை கொட்டுகிற மழையில் சொட்டச் சொட்ட நனைந்தது.

மச்சான் மேலும் கீழும் பார்த்தார். பிறகு, இத்தனை வருடமாகக் கேலி செய்த அந்த வார்த்தைகளைத் தெளிவாகக் கேட்டார்.

"கடைசி வண்டியா? பின்னாடி யாரும் இல்லையே?"

"கடைசி மச்சான். யாரும் இல்ல."

அதற்குப் பிறகுதான் கை கீழே இறங்கியது. இறங்கிய கையை மடக்க முடியவில்லை. தங்கை பிடித்துத் தேய்த்துவிட வேண்டியிருந்தது.

"ஏன் மச்சான், போன் பண்ணியிருக்கலாமே?"

மச்சான் மழையைப் பார்த்தார். டயர் கடைக்காரர்தான் பதில் சொன்னார். "போன்ல தண்ணி பூந்துருச்சுங்க. டயருக்குக் காத்தடிக்கிற பம்ப்ப வச்சு அடிச்சுப் பாத்தேன். பேட்டரி பறந்து எதுக்க இருக்கிற சாக்கடைல விழுந்துருச்சு."

ஏரிக்கரைக்குத் திரும்பியபோது சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அதுவரை ஒருவரும் அதில் கை வைத்திருக்கவில்லை. மச்சான் இரண்டு கிண்ணம் சூப்பை அடுத்தடுத்துக் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, இவர் எழுந்தார். பேசத் தெரியாதவர் பேச எழுந்ததே எல்லோருக்கும் ஆச்சரியம்.

"ஓட்டெல்லாம் வேணாம். என் தப்பு. சட்ட நனையக் கூடாதுன்னு மறச்சு வச்சேன், ஆள விட்டுட்டேன். ஆடிட்டர் மாதிரி யாராச்சும் பள்ளத்துல கெடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? இந்தாங்க" என்று ஈரச் சட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சட்டையிலிருந்து வழிந்த தண்ணீர் ரொட்டிக்கடைக்காரரின் மடியில் சொட்டியது. அவர் அசையவில்லை.

"மாப்ள, அத எடுங்க" என்றார் மச்சான். "நானும் கூரைக்கடில போய் ஒதுங்கினேன். ரோட்டுல நின்னிருந்தா தெரிஞ்சிருப்பேன். அத விடுங்க. அங்க நிக்கறப்ப யோசிச்சுப் பாத்தேன். போன் செத்துப்போச்சு. மேல போக எனக்குப் பாதையும் தெரியாது. டாக்டர் திரும்பி வரமாட்டாரு, அவருக்கு சாப்பாடு முக்கியம்."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றார் பல் டாக்டர், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு.

"இந்த மேசைல திரும்பி வர்ற ஆளு ஒருத்தன்தான்னு எனக்குத் தெரியும். அத நெனச்சாத் தெம்பா இருந்துச்சு. அந்த ஒருத்தன் நம்ம மாப்ளதான்னு நெனச்சப்ப வயித்தக் கலக்குச்சு." மேசை சிரித்து ஓயும் வரை காத்திருந்தார். "வால் இருந்தும் ஒரு ஆளு தொலஞ்சான். வாலே இல்லன்னா, தொலஞ்சதே தெரியாம நீங்க சாப்பிட்டு ஏப்பம் விட்டிருப்பீங்க. வாலு இருக்கட்டும். கை தூக்குங்க."

எல்லாக் கையும் மேலே போனது. மச்சானுடைய கை மட்டும் பாதி வரைதான் எழும்பியது. முக்கில் நின்ற களைப்பு இன்னும் போகவில்லை. மழையில் ஆரஞ்சுச் சட்டை கோட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும், கைகாட்டி கூரைக்கடியில் ஒதுங்கக் கூடாது என்ற இரண்டு விதிகளையும் அங்கேயே சேர்த்தார்கள். மூன்றாவதாக மச்சான் ஒரு கோரிக்கை வைத்தார். முதல் இடத்தைப் பல் டாக்டரே வைத்துக்கொள்ளட்டும்; இனி தான் இரண்டாவதாகவே வருவதாகச் சொன்னார்.

"ஏன் மச்சான்?"

"அந்த லாரிக்காரன் எனக்கு வணக்கம் வச்சான், பாத்தீங்கல்ல? சோபாக்கடைல இத்தன வருஷமா எவனும் வச்சதில்ல."

மழைக்கோட்டுக்கு மேல் மாட்டும்படியான பெரிய சட்டை கடைகளில் கிடைக்கவில்லை. மச்சானே தம்முடைய கடையிலிருந்த ஆரஞ்சு நிற சோபாத் துணியில் தைத்துக் கொடுத்தார். தண்ணீர் இறங்காத நல்ல துணி. அதை மாட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு யாரோ சோபாவை ஓட்டிக்கொண்டு வருவதுபோல் தெரியும். ஆனால் எந்த மழையிலும் தெரியும்.

அடுத்த மாதம் மாமியாரை ஊருக்கு அழைத்துப்போக வண்டி பேசியிருந்தார்கள். இவர் வாசலில் நின்று, "அத்த, எல்லாரும் ஏறியாச்சு, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டார்.

மாமியார் அசையவில்லை. "பொண்ண விட்டாச்சு, பையன விட்டாச்சு. இந்த வீட்டுல இனி நான் ஒருத்திதான் பாக்கி" என்றார். "அந்த ஆரஞ்சுச் சட்டையப் போட்டுட்டு வாங்க மாப்பிள்ள, வர்றேன்."

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.